கண்ணாடியும் புல்லும்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் உருகிக் கிடந்தது. காயவில்லை, எரியவில்லை, உருகியிருந்தது. பிளாஸ்டிக் புல். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் இந்த வீட்டை வாங்கியபோது கூடவே வந்தது. “தண்ணி ஊத்த வேண்டாம், வெட்ட வேண்டாம், பதினஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்” என்கிற அர்த்தத்தில் வீட்டு ஏஜென்ட் சொன்னார். நம்பினோம்.

போன கோடையில் மூன்று வயது மகள் செருப்பில்லாமல் அதில் ஓடினாள். நாலு எட்டு வைத்திருப்பாள். அலறிக்கொண்டு திரும்பி வந்தபோது இரண்டு பாதமும் சிவந்திருந்தன. அந்த வாரம்தான் உருகிய இடமும் என் கண்ணில் பட்டது.

“மொத்தத்தையும் பிடுங்கிப் போட்டுடலாம்ங்க” என்றாள் மனைவி. எனக்கு ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்றிருந்தது. எந்தப் பக் வந்தாலும் பழைய கோடு யார், எதற்காக எழுதினார்கள் என்று தோண்டுவது என் தொழில் வியாதி. புல்லையும் அப்படித்தான் தோண்டினேன்.

பிளாஸ்டிக் புல்லின் கதை குழந்தைகளிடமிருந்து தொடங்குகிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லை, கிராமத்துப் பிள்ளைகளைவிட உடல்திறன் குறைகிறது என்ற கவலை ஐம்பதுகளின் அமெரிக்காவில் இருந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில், மண்ணில்லாத இடத்திலும் விரிக்கக்கூடிய ஒரு விளையாட்டுத் தரையைத் தேடினார்கள். மான்சான்டோ நிறுவனத்தின் ஆட்கள் நைலான் இழையில் ஒன்றை உருவாக்கி, 1964-இல் ரோட் ஐலண்டின் மோசஸ் பிரவுன் பள்ளியில் விரித்தார்கள். அதற்கு கெம்கிராஸ் என்று பெயர். குழந்தைகள் ஓடுவதற்காகச் செய்த தரை அது. என் மகளின் பாதத்துக்கு மருந்து தடவிக்கொண்டே இதைப் படித்தேன்.

கெம்கிராஸைப் புகழ்பெறச் செய்தது ஒரு கூரை. 1965-இல் டெக்சஸின் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் திறந்தது. கூரை மூடிய, குளிரூட்டப்பட்ட பேஸ்பால் அரங்கம். உள்ளே உண்மையான புல் வளர வேண்டும் என்பதற்காகக் கூரையில் கண்ணாடி போன்ற ஆயிரக்கணக்கான அக்ரிலிக் பலகைகளைப் பதித்திருந்தார்கள். பகலில் அந்தக் கூரை கண்ணைக் கூசியது. உயரே எழும்பும் பந்து ஆட்டக்காரர்களுக்குத் தெரியவில்லை. பலகைகளுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, வெயில் இல்லாமல் புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து அந்த சீசனை ஓட்டினார்கள். 1966-இல் கெம்கிராஸ் உள்ளே வந்தது. அரங்கத்தின் பெயரால் அது ஆஸ்ட்ரோடர்ஃப் ஆனது. 1967-இல் ஜேம்ஸ் ஃபாரியா, ராபர்ட் ரைட் இருவர் பெயரிலும் காப்புரிமை கிடைத்தது.

கூரை இருந்த இடத்தில் பிறந்த தரையை நாங்கள் கூரையில்லாத பாலைவனத்தில் விரித்திருக்கிறோம். அதற்கும் காரணம் உண்டு. கொலராடோ ஆறு வற்றுகிறது. 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதல்முறையாக அந்த ஆற்றில் நீர்ப் பற்றாக்குறையை அமெரிக்க அரசு அறிவித்தது. அடுத்த ஆண்டு அரிசோனா தன் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காட்டை இழந்தது. பக்கத்து நெவாடா அதே 2021-இல், யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்வெளிகளுக்கு 2026 முடிவுக்குப் பிறகு ஆற்று நீர் கிடையாது என்று சட்டம் போட்டது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. இந்த நிலையில் பிளாஸ்டிக் புல் விரிப்பவரை முட்டாள் என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் உயிருள்ள புல் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு வியர்க்காது. யூட்டாவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. பீனிக்ஸிலோ 2023 கோடையில் தொடர்ந்து 31 நாட்கள் காற்றே 43 டிகிரிக்கு மேல்.

சரி, சூடாகும். ஆனால் ஓர் இடம் மட்டும் ஏன் உருக வேண்டும்? ஒரு சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். எதிரே எங்கள் ஜன்னல். ஏசி செலவைக் குறைக்க, வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே காற்றழுத்தம் மாறும்போது அது லேசாக உள்வாங்கிக் குழியாடி போல ஆகிவிடும். வெயில் ஒரே இடத்தில் குவியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட கண்ணாடி, தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட புல்லை உருக்கியிருக்கிறது. ஹூஸ்டனிலும் ஒன்றைச் சரிசெய்யப் போய்த்தான் இன்னொன்று செத்தது. ஒவ்வொரு பேட்ச்சும் அடுத்த பக்கைப் பெற்றுப் போடுகிறது.

அதனால் முதல் வேலையாக ஜன்னலுக்கு வெளியே வெயில் வலை மாட்டினேன். இதைச் செய்யாமல் ஒட்டுப் போட்டால் அடுத்த கோடையில் அதுவும் உருகும். பிறகு புல்லைப் புரட்டி, அடிப்பக்கமாகக் கத்தி போட்டு உருகிய பகுதியை வெட்டி எடுத்தேன். மேலிருந்து வெட்டினால் நல்ல இழைகளும் போய்விடும். கடையில் வாங்கிய புதுத் துண்டு பளிச்சென்று தனியாகத் தெரிந்தது. எங்கள் புல் வெயிலில் வெளுத்திருந்தது. எனவே ஏசி பெட்டிக்குப் பின்னால், யார் கண்ணும் படாத ஓரத்திலிருந்து அதே அளவு துண்டை எடுத்தேன். இழைகள் சாயும் திசை பார்த்துப் பொருத்த வேண்டும், மாறினால் நிறமே வேறாகத் தெரியும். இணைப்புக்கு அடியில் நாடா வைத்துப் பசை தடவினேன். வெயிலில் பரப்புவதற்குள் பசை காய்ந்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகுதான் இதெல்லாம். மேலே கல் வைத்து அழுத்தி, மறுநாள் மணல் தூவி, துடைப்பத்தால் இழைகளை நிமிர்த்திவிட்டேன்.

“ஒட்டு தெரியுதுங்க.”

“தெரியட்டும்.”

ஏசிக்குப் பின்னால் வெறுமையான இடத்தை மறுபடி பிளாஸ்டிக்கால் மூடவில்லை. இந்தப் பாலைவனத்துக்கே உரிய மெஸ்கீட் மரக்கன்று ஒன்றை ஏசிக் காற்று படாமல் தள்ளி வைத்திருக்கிறோம். எங்கள் சீமைக்கருவேலத்துக்குச் சொந்தக்காரன்தான். ஊரில் அதை வெட்டச் சொல்லி வழக்கு வரை போனார்கள், இங்கே அது மண்ணின் மரம். நிழல் விழச் சில வருஷம் ஆகும். அதற்குள் இந்தப் புல் தேய்ந்துவிட்டால் புதிதாக வாங்கப் போவதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.

மகள் இப்போதும் செருப்போடு வாசல்படியில் நின்று முதலில் ஒரு விரலால் புல்லைத் தொட்டுப் பார்க்கிறாள். பிறகுதான் இறங்குகிறாள்.