நர்ஸ் நம்பர் 1

கைவிளக்கேந்திய காரிகைன்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்த நைட்டிங்கேல் அம்மையார், நர்ஸுகளுக்குச் சட்டப்படி பதிவேடு வேண்டாம்னு எதிர்த்து நின்னவர் தெரியுமா? நல்ல குணத்தைப் பரீட்சை வச்சு அளக்க முடியாது என்பது அவர் கட்சி.

வேணும்னு நின்னவர் எதெல் ஃபென்விக். 1887-ல் பிரிட்டிஷ் நர்ஸுகள் சங்கத்தோடு தொடங்கிய சண்டை அது. 1901-லேயே நியூசிலாந்து முந்திக்கிச்சு. பிரிட்டனில் சட்டம் வர 1919 ஆச்சு. 1921-ல் திறந்த பதிவேட்டில் முதல் பெயர் ஃபென்விக்! சென்னை மாகாணத்துக்குச் சட்டம் வந்தது 1926-ல்.

பதிவேட்டில் அப்படி என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? பேர் எழுதியிருந்தாத்தானே அதை நீக்க முடியும்! அதுக்கு முன்னாடி, தப்பு செஞ்சு ஒரு ஆஸ்பத்திரியில் வேலை போனா, அடுத்த ஊர்ல போய்ச் சேர்ந்துக்கலாம்.

நைட்டிங்கேல் சொன்னதும் பொய்யில்லை. பதிவேடு குணத்தைத் தராது. ஆனா தப்புக்குப் பதில் சொல்ல வைக்கும். படுக்கையில் கிடக்கறவருக்கு அந்தப் பிடிமானம் சின்ன விஷயமா என்ன?