அலியானோ: களிமண்ணில் எழுதப்பட்ட வரலாறு

இத்தாலியைக் காலணி வடிவில் காண்பது வழக்கம். அக்காலணியின் பாத வளைவில் இருக்கிறது பசிலிக்காட்டா மாநிலம். அதன் உட்பகுதியில், அக்ரி, சௌரோ ஆகிய இரு ஆறுகளுக்கு இடையே எழும் ஒரு முகட்டின் மேல் அலியானோ என்ற சிற்றூர் அமர்ந்திருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர். ஊர் விளிம்பில் நின்று கீழே நோக்கினால் தெரிவது பசுமையல்ல, சாம்பல் வெண்மையில் கூர்கூராகப் பிளந்து கிடக்கும் களிமண் மேடுகள். இவற்றைக் 'கலாங்கி' என்கிறார்கள்.

இந்த நிலம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது. கடலடி உயர்ந்து நிலமானபோது, அங்கே படிந்திருந்த களிமண்ணும் மேலே வந்தது. கோடையில் அது பாறையாக இறுகி வெடிக்கும். மழையில் குழம்பாகிச் சரியும். மேல்நிலத்தின் மணற்பாறை மீது ஊர் நிற்கிறது என்றாலும், அதன் அடியில் இருப்பது நிலையற்ற மண்தான். காடு இருந்தவரை வேர்கள் ஓரளவு அதைக் கட்டி வைத்திருந்தன. 19ஆம் நூற்றாண்டில் பசிலிக்காட்டாவில் பரவலாகக் காடுகள் வெட்டப்பட்டன. அதன்பின் அரிப்பு விரைந்தது. மலைகளிலிருந்து இறங்கிய வண்டல் ஆற்றுப் படுகைகளை மேடாக்கிச் சதுப்பாக்கியது. சதுப்பு மலேரியாவை வளர்த்தது. மக்கள் காய்ச்சலுக்கு அஞ்சிக் குன்றின்மேல் குடியிருந்தார்கள். வயலோ கீழே, பல மணி நேர நடைத் தொலைவில். விடியுமுன் இறங்கி இருட்டியபின் ஏறுவதே அவர்களுடைய வாழ்வாக இருந்தது.

1935இல் இவ்வூருக்கு ஓர் அரசியல் கைதி வந்து சேர்ந்தார். டியூரின் நகரத்து யூதர், மருத்துவம் படித்தவர், ஓவியர், முசோலினியின் ஆட்சியை எதிர்த்த குழுவைச் சேர்ந்தவர்: கார்லோ லேவி. முதலில் கிராசானோவிலும் பின்னர் அலியானோவிலும் அவர் காவலில் வைக்கப்பட்டார். எத்தியோப்பியாவில் பெற்ற வெற்றியை அரசு கொண்டாடியபோது வழங்கப்பட்ட மன்னிப்பில் 1936 மே மாதம் விடுதலையானார். போர்க்காலத்தில், 1943-44இல், ஃப்ளாரன்ஸில் மறைந்து வாழ்ந்தபோது அந்த மாதங்களை நினைவிலிருந்து எழுதினார். 1945இல் வெளியான அந்நூல்தான் 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்'. நூலில் அலியானோவின் பெயர் கல்யானோ.

தலைப்பு அவ்வூர் உழவர்களின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் மொழியில் 'கிறிஸ்தவன்' என்றால் மனிதன் என்று பொருள். கிறிஸ்து எபோலியைத் தாண்டி வரவில்லை என்றால், தங்களை மனிதராக எவரும் எண்ணவில்லை என்பதுதான் அதன் பொருள். லேவி இதை மேலும் விரித்து, இங்கு காலமும் வரலாறும்கூட வந்ததில்லை என்றார். மரியோ அலிகாட்டா முதலான இடதுசாரி விமர்சகர்கள் 1950களில் இதை மறுத்தார்கள். காலமற்ற உழவன் என்பது நகரத்து அறிவாளியின் கற்பனை என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

லேவியின் நூலைக் கவனமாக வாசித்தால் அதுவே அவருடைய கூற்றுக்கு எதிராகச் சாட்சி சொல்வதைக் காணலாம். வரலாறு இவ்வூருக்கு வராமல் இல்லை. வரியாக வந்தது. ஆடுகள் பயிரைக் கெடுக்கும் என்று ஆட்டு வரி விதித்தது ரோம். கெடுக்கப் பயிரே இல்லாத இந்நிலத்தில், வரி கட்ட இயலாதவர்கள் ஆடுகளைக் கொன்றார்கள். பாலும் பாலாடைக்கட்டியும் போயின. போராகவும் வந்தது. முதல் உலகப் போரில் மாண்டவர்களின் பெயர்கள் ஏறத்தாழ ஐம்பது, இச்சிற்றூரின் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தன. ஊரருகே ஒரு பள்ளத்துக்குப் 'பெர்சல்யேரின் குழி' என்று பெயர். இத்தாலி ஒன்றுபட்டபின் 1860களில் அரசுப் படைக்கும் மலைக் கொள்ளையருக்கும் நடந்த போரில், ஒரு படைவீரன் அங்கு தள்ளப்பட்டான் என்பது ஊர்க் கதை. புது அரசைப் பற்றி இவ்வூர் வைத்திருந்த நினைவு அது.

நூலின் மிகக் கொடிய நிகழ்வு ஓர் அனுமதி பற்றியது. லேவி வைத்தியம் பார்க்கக்கூடாது என்று மேலிடம் தடை விதித்திருந்த நேரத்தில், ஊர் எல்லைக்கு வெளியே ஒருவன் வயிற்று நோயால் துடித்தான். அனுமதி தாமதமாகக் கிடைத்தது. லேவி போய்ச் சேர்ந்தபோது காப்பாற்றும் நேரம் கடந்திருந்தது. ஊர் கொதித்தது. பிறகு உழவர்கள் ஒரு நாடகம் ஆடினார்கள். வெள்ளுடை மருத்துவன் நோயாளியைக் காக்க வருகிறான், ரோமிலிருந்து வந்த கருப்புடை மருத்துவன் தடுக்கிறான், நோயாளி இறக்கிறான். வரலாறு அறியாதவர்கள் இத்தனை துல்லியமாக ஒரு நாடகம் ஆட முடியுமா?

போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பில் மலேரியா ஒழிந்தது. 1950இல் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. ஆயினும் தெற்கின் இளைஞர்கள் வடக்கே, லேவியின் டியூரின் உள்ளிட்ட ஆலை நகரங்களுக்குப் பெருந்திரளாகப் போனார்கள். காய்ச்சலும் வரியும் பெயர்க்காத மக்களைக் கூலி பெயர்த்தது. இன்று அலியானோவுக்கு வருபவர்களில் பலர் அந்நூலைத் தேடி வருகிறார்கள். லேவி தங்கியிருந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. வெளியாளின் கண் வழியாகத்தான் இவ்வூர் உலகுக்குத் தெரிந்தது என்பதில் ஒரு பேறும் உண்டு, ஒரு இழப்பும் உண்டு.

காவலில் இருந்தபோது லேவி நடந்துசெல்ல அனுமதிக்கப்பட்ட எல்லை கல்லறைத் தோட்டம். வெயிலுக்கு ஒதுங்கி, அங்கே புதிதாக வெட்டிய குழிக்குள் படுத்து வானைப் பார்த்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1975 ஜனவரியில் ரோமில் இறந்த லேவி, தம் விருப்பப்படியே அந்தத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். அரசு அவருக்குக் கிழித்த எல்லைக்கோட்டிலேயே, அந்தக் களிமண்ணை நோக்கியபடி, அவருடைய கல்லறை இருக்கிறது.