கணிச்சம் முதல் லித்தியம் வரை

குமரி மாவட்டத்தின் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தைத் தாண்டினால் இரயுமன்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று கேரள எல்லைவரை கடலோடிகளின் ஊர்கள். மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறை, எங்கே கிடக்கிறது என்பது இங்கே குடும்பச் சொத்து. தகப்பன் மகனுக்குச் சொல்வார், ஊருக்குச் சொல்லமாட்டார்.

அந்த இடத்தைக் குறித்துவைக்கும் கணக்குக்குக் கணிச்சம் என்று பெயர். தூரத்து மலைமுகடும் கரையிலுள்ள மாதாகோயில் கோபுரமும் ஒரே நேரில் வந்தால் ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு மலையும் ஒரு தென்னையும் சேர்ந்தால் மறுகோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்கு அடியில் பார். வள்ளம் சற்றே விலகினாலும் கரை அடையாளம் மலையைவிட்டு நகர்ந்துவிடும். அதனால்தான் அத்தனை துல்லியம். காகிதமோ கருவியோ இல்லாமல் தலைமுறைகள் காத்த அறிவு இது.

தூத்தூர்க்காரர்கள் விசைப்படகில் சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவு, குஜராத் என்று போனபோது கரை கண்ணில் படவில்லை. அங்கே ஜிபிஎஸ் கைகொடுத்தது. ஆனால், அமெரிக்கா வேண்டுமென்றே கலந்த பிழையால் 100 மீட்டர்வரை தவறும். சிறிய பார் தப்பிவிடும். 2000 மே மாதம் அந்தப் பிழை நீக்கப்பட்டது. அதன்பின் ஜிபிஎஸ் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணே சொத்தானது.

பல கருவிகளில் அந்த எண்கள், மின்சாரம் நின்றால் அழியும் மெமரியில் இருக்கின்றன. அழியாமல் காப்பது உள்ளே சால்டர் செய்த சிறு லித்தியம் பேட்டரி. ஃபுருனோ ஜிபி-32 கருவியின் கையேடு அதற்குத் தரும் ஆயுள் சுமார் 3 ஆண்டு. 1980களின் எச்பி 3478ஏ மல்டிமீட்டரிலும் இதே ஏற்பாடுதான். பேட்டரி தீர்ந்தால், அளவைச் சரிசெய்யும் காலிப்ரேஷன் எண்கள் போய்விடும். சோதனைக்கூடத்தில் மறுபடி அளந்து பதியலாம். கடலோடிக்கு அப்படியொரு கூடம் ஏது? டீசல் எரித்து மறுபடி கடலில்தான் தேடவேண்டும்.

குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகின் பெரிய பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்த 61 நாளும் பாரம் முழுக்கச் சிறியதன்மேல். மாற்றுவதானால் தடைக்கு முன்பே மாற்றுவது நல்லது. முதலில் எல்லா எண்ணையும் நோட்டில் ஏற்றவேண்டும். பிறகு கருவிக்குச் சப்ளை கொடுத்தபடியோ, 3 வோல்ட்டை டயோடு வழியாகப் பக்கத்தில் கொடுத்தோ, பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தலாம். சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, அதன் பிளக்கைப் பிடுங்கிய பிறகே உள்ளே வைக்கவேண்டும். கசியும் மின்சாரம் மெமரியைக் கெடுத்துவிடும்.

நோட்டில் எழுதிய எண்ணை இன்னொருவர் படித்து ஒத்துப்பார்ப்பது அவசியம். அட்சரேகையில் நிமிடத்தின் மூன்றாம் தசம இலக்கம் ஒன்று கூடினால் 2 மீட்டருக்குள்தான் விலகும். நிமிடமே ஒன்று கூடினால் ஏறக்குறைய 1,850 மீட்டர் தள்ளி வலை இறங்கும்.