பன்றிக்கு வைத்த பொறி



கான்சாபுரம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் பேசினார். "சார், ஒரே ராத்திரியில கால் ஏக்கரை உழுது போட்டுட்டுப் போயிருச்சு. சுத்தி கம்பி கட்டிக் கரண்டு விட்டுரலாமான்னு பாக்கேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவரிடம் சொன்னதையே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

காட்டுப்பன்றித் தொல்லை நமக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்ற மன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் நூல். பாடியவர் பெருங்கௌசிகனார். தினைப்புனத்துக்குள் பன்றி நுழையும் வழிகளில் எல்லாம் பெரிய கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்று அதில் ஓர் எச்சரிக்கை வருகிறது. பன்றிக்கு வைத்தது மனிதனையும் கொல்லும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

பிறகு பரண், தகர டப்பா, தீப்பந்தம், நாய் என்று காவல் காத்தார்கள். வேட்டையும் நடந்தது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை படிப்படியாக நின்றது. நம் மலை 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தது. காட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் ராத்திரிக் காவல் விவசாயி ஒருவர் தலையில் விழுந்தது.

2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவெடுத்தது. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. மலையடிவாரத்து வயல்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை.

அதனால்தான் கரண்டுக் கம்பி ஆசை வருகிறது. ஆனால் விடியுமுன் மோட்டார் போட வரும் பக்கத்து வயல்காரருக்கு யார் எச்சரிக்கை சொல்வது? வீட்டுப் பிள்ளையே மிதித்துவிட்டால்? அது குற்றமும்கூட. சோலார் வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. அதற்கும் 2023-ல் விதிகள் வந்துவிட்டன. வனத்துறையில் கேட்டு, பதிவு செய்துதான் போட வேண்டும்.

அடுத்தடுத்த வயல்காரர்கள் நாலைந்து பேர் முறை வைத்துக் காவல் இருங்கள். சேதம் ஆனால் உடனே போட்டோ எடுத்து, வனத்துறையில் நிவாரணத்துக்கு மனு கொடுங்கள்.

சோளத்தை மறுபடி விதைக்கலாம், தம்பி. உயிர் போனால் வராது.