பயன்படாப் பொருளின் வரலாறு: வால் ஸ்ட்ரீட்டின் நினைவுக் கட்டிகள்

நியூயார்க் முதலீட்டு வங்கியாளர்களின் மேசைகளில் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் கட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் சுருக்கி அச்சிட்ட ஓர் அறிவிப்பு இருக்கும்: எந்த நிறுவனம், எவ்வளவு டாலர், எந்தத் தேதி, எந்தெந்த வங்கிகள். தொழிலில் இதை ‘டீல் டாய்’ என்பார்கள். செய்த பொருளின் பெயரால் ‘லூசைட்’ என்றும் சொல்வதுண்டு. வெற்றிக் கோப்பையின் இன்னொரு வகை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இதன் உருவத்தைத் தீர்மானித்ததில் ரசனையைவிடச் சட்டத்துக்கே பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பெரும் முதலீடு முடிந்ததும் சின்னம் செய்யும் வழக்கம் பழையது. 1869 மே 10 அன்று யூட்டாவின் புரொமான்டரியில் சென்ட்ரல் பசிபிக், யூனியன் பசிபிக் ரயில் பாதைகள் இணைந்தபோது ஒரு தங்க ஆணி செய்தார்கள். அதன் பக்கங்களில் ரயில்வே அதிகாரிகள், இயக்குநர்கள் பெயர்களைப் பொறித்தார்கள். பாதை போட்ட சீனத் தொழிலாளர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஆணியை வார்த்தபோது மிஞ்சிய தங்கத்தில் மோதிரங்களும் குட்டி ஆணிகளும் செய்து பிரமுகர்களுக்குப் பங்கிட்டார்கள். யார் பெயர் ஏறும், யாருக்குக் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளும் அப்போதே வந்துவிட்டன.

இன்றைய கட்டிக்கு நேர் மூதாதை நாளிதழ் விளம்பரம்தான். பங்கும் கடன் பத்திரமும் வெளியிடுவோர் பத்திரிகையில் அறிவிப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. 1929இன் பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு வந்த 1933ஆம் ஆண்டுப் பங்குப் பத்திரச் சட்டம் அந்த விளம்பரத்தின் வாயைக் கட்டியது. முழு விவரமும் அரசிடம் பதிவான விவர அறிக்கையில் இருக்க வேண்டும். விளம்பரம் வெளியீட்டின் பெயர், விலை, அறிக்கை கிடைக்கும் இடம் போன்ற ஒரு சிலவற்றோடு நிற்க வேண்டும். ‘இது விற்பனை அழைப்பு அன்று’ என்ற எச்சரிக்கையும் அதில் இடம்பெறும். புகழ்ச்சியோ படமோ இல்லாமல், கறுப்புக் கட்டத்துக்குள் பெயர்கள் மட்டும் நின்ற அந்த அறிவிப்பைக் ‘கல்லறைக் கல்’ என்று அழைத்ததில் வியப்பில்லை.

சொல்ல வேறெதுவும் இல்லாத இடத்தில் பெயர் வரிசையே செய்தியாகிவிட்டது. எந்த வங்கி மேலே, எது கீழே, எது பெரிய எழுத்தில் என்பதற்கெல்லாம் சண்டை நடந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்குப் பங்காளிகள் கோபித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1935இல் பிறந்த மார்கன் ஸ்டான்லி வங்கி, தான் நடத்தும் வெளியீட்டில் தலைமையை எவரோடும் பகிர்வதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. 1979இல் ஐபிஎம் 100 கோடி டாலர் கடன் திரட்ட முனைந்து, சாலமன் பிரதர்ஸும் உடன் நிற்கட்டும் என்றபோது மார்கன் ஸ்டான்லி விலகிக்கொண்டது. வேலை சாலமனுக்கும் மெரில் லிஞ்ச்சுக்கும் போனது. பத்திரங்கள் விற்றுத் தீருமுன், அக்டோபர் 6 அன்று பால் வோல்க்கர் தலைமையிலான அமெரிக்க மத்திய வங்கி பணக்கொள்கையை இறுக்கியது; வட்டி ஏற, பத்திர விலை விழுந்து, ஏற்று நடத்திய வங்கிகளுக்கு நஷ்டம். மானம் பார்த்து விலகிய வங்கிக்கு அந்த நஷ்டம் மிச்சம். ஆனாலும் தனித்தலைமை என்ற கோட்டையில் விரிசல் விழுந்துவிட்டது.

அறிவிப்புக் காகிதம் பிளாஸ்டிக் கட்டிக்குள் புகுந்தது இந்தக் காலத்தை ஒட்டித்தான். லூசைட் என்பது 1930களில் டூபான்ட் சந்தைக்குக் கொண்டுவந்த அக்ரிலிக்கின் வணிகப் பெயர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் தெளிந்த கூரையாக நின்ற பொருள், அமைதிக் காலத்தில் வேறு வேலை தேடியது. திரவத்தை அச்சில் ஊற்றி, நடுவே அச்சிட்ட தாளை வைத்து, மேலும் ஊற்றி இறுகவிடுவார்கள். இறுகும்போது வெப்பம் எழுவதால் அவசரப்பட்டால் உள்ளே குமிழி விழும். பிறகு அறுத்து, தேய்த்து, மெருகேற்ற வேண்டும்.

1982இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் கொண்டுவந்த 415ஆம் விதி, நிறுவனங்கள் முன்கூட்டியே பதிவுசெய்து வைத்து, வேண்டும்போது சட்டென்று வெளியிட வழிவிட்டது. டஜன் கணக்கில் வங்கிகளைச் சேர்க்க நேரமும் இல்லை, தேவையும் குறைந்தது. நாளிதழின் நீண்ட பெயர்ப் பட்டியல் மெலிந்தது. அதே பத்தாண்டில் நிறுவனங்களை விலைக்கு வாங்கும் அலை எழ, கட்டிகள் பெருகின. எண்ணெய்க் கம்பெனிக்குப் பீப்பாய், விமானக் கம்பெனிக்கு விமானம் என்று உருவங்களும் மாறின. ஆனாலும் பெயர் வரிசைச் சண்டை அப்படியே கூட வந்தது. அதைச் சரிபார்த்து ஆர்டர் கொடுக்கும் தலைவலி பெரும்பாலும் இளநிலை ஊழியர் தலையில் விழுகிறது.

சட்டம் மீண்டும் குறுக்கிட்டது அன்பளிப்பு விவகாரத்தில். பங்குத் தரகு நிறுவனங்கள் வாடிக்கையாளர் தரப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 டாலருக்கு மேல் பரிசு தரக்கூடாது என்று அவற்றின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான என்ஏஎஸ்டி விதி வைத்திருந்தது. 2006 டிசம்பர் விளக்கக் குறிப்பில் அது ஒரு விலக்கு தந்தது: வணிக ஒப்பந்தத்தை நினைவுகூரும் வழக்கமான லூசைட் கட்டி, பட்டயம் போன்றவை 100 டாலரைத் தாண்டினாலும் பொதுவாக வரம்புக்குள் வாரா. நிபந்தனை ஒன்றுதான்: பொருள் முழுக்க முழுக்க அலங்காரமாகவே இருக்க வேண்டும். ஆகவே அதே கட்டியில் ஓடும் கடிகாரம் ஒன்றைப் பதித்தால், அது நினைவுச் சின்னம் என்ற நிலையிலிருந்து இறங்கி, பரிசு வரம்புக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.