முட்புதருக்குள் நுழைந்த கோர்ட்டு

கோர்ட்டுக் கதை என்றால் கொலையோ சொத்துத் தகராறோ இருக்க வேண்டும் என்று நினைப்போம். நான் சொல்லப் போகும் வழக்கில் இருப்பவை தொகுதிகளின் எல்லைக் கோடுகள். ஆனால் நாவலாசிரியனுக்கு வேண்டிய மனிதர்கள் அதில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் டென்னஸி என்றொரு ராஜ்யம். பத்து வருஷத்துக்கு ஒரு முறை சட்டசபை ஸ்தானங்களை மறுபடி பங்கிட வேண்டும் என்பது அதன் அரசியல் சட்டம். 1901-ல் பங்கிட்டார்கள். அதோடு சரி! அறுபது வருஷத்தில் வாக்களிக்கத் தகுதியுள்ளவர்கள் 4,87,380-லிருந்து 20,92,891 ஆகிவிட்டார்கள். ஜனங்கள் பட்டணங்களில் பெருகினார்கள். ஸ்தானங்கள் கிராமத்திலேயே தங்கிவிட்டன. நூற்றுக்கு 40 வாக்காளர்கள் கீழ்ச் சபையின் 99 பேரில் 63 பேரைத் தேர்ந்தெடுக்கும் விசித்திரம் நடந்தது. சபையே திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். பழைய கோட்டின் தயவில் உள்ளே வந்தவர் புதிய கோட்டுக்குக் கை தூக்குவாரா?

மெம்பிஸ் பக்கத்துச் சார்லஸ் பேக்கரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கோ பழைய சங்கோசம் ஒன்று இருந்தது. 1946-ல் இல்லினாய்ஸ் வழக்கொன்றில் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், இந்த அரசியல் முட்புதருக்குள் கோர்ட்டு கால் வைக்கலாகாது என்று எழுதியிருந்தார். ஹார்வர்டில் வாத்தியாராக இருந்தவர்; சக நீதிபதிகளுக்கும் பாடம் நடத்துவார். ஆனால் அவர் பயத்தை நான் பரிகசிக்க மாட்டேன். கட்சிச் சண்டையில் புகுந்தவன் அங்கியில் சேறு படாமல் திரும்புவது துர்லபம்.

1961-ல் இரண்டு தடவை வாதம் கேட்டார்கள். ஒன்பது பேரில் விட்டேக்கர் என்பவர், வக்கீல் ஆபீசில் எடுபிடியாக இருந்துகொண்டே இரவில் சட்டம் படித்து முன்னுக்கு வந்தவர். முடிவெடுப்பது அவருக்கு எப்போதுமே சித்திரவதை. 1962 மார்ச்சில் உடலும் மனமும் ஓய்ந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தீர்ப்பில் கலந்துகொள்ளவே இல்லை.

கிளார்க் என்ற நீதிபதியின் கதை இன்னும் ருசிகரமானது. அவர் ஃபிராங்க்ஃபர்ட்டர் பக்கம். கோர்ட்டை விட்டாலும் டென்னஸி ஜனங்களுக்கு வேறு வழி உண்டு என்று காட்டி எழுத உட்கார்ந்தார். தேடினார், தேடினார், ஒரு வழியும் அகப்படவில்லை. எழுந்து மறுபக்கம் போய்விட்டார்!

மார்ச் 26-ந் தேதி, 6-க்கு 2 என்று தீர்ப்பு. இப்படிப்பட்ட வழக்கைக் கோர்ட்டு விசாரிக்கலாம் என்றார்களே தவிர, கோட்டை எப்படிப் போடுவது என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் ஃபிராங்க்ஃபர்ட்டர் பக்கவாதத்தில் விழுந்தார்.

கணக்கு 1964-ல் வந்தது. அலபாமாவில் 15,417 பேர் கொண்ட ஜில்லாவுக்கும் ஒரு செனட்டர், ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர் வாழும் ஜில்லாவுக்கும் ஒரே செனட்டர். சபை அங்கத்தினர்கள் மனிதர்களுக்குத்தான் பிரதிநிதிகள், மரங்களுக்கு அல்ல என்றார் தலைமை நீதிபதி வாரன். அதே வருஷம் ஜார்ஜியா வழக்கில் காங்கிரஸ் தொகுதிகளுக்கும் தலைக்கணக்கு ஏற்பட்டது.

ஆனால் தலைகளைச் சரியாக எண்ணிவிட்டும் கோட்டை வளைக்கலாம். வட கரோலினாவில், மேரிலாந்தில் அப்படி வளைத்தார்கள். கட்சி லாபத்துக்காகச் செய்யும் இந்த வளைவை ஃபெடரல் கோர்ட்டுகள் விசாரிக்க இயலாது என்று 2019-ல் 5-க்கு 4 என்று தீர்ப்பாயிற்று. ராஜ்யக் கோர்ட்டுகள் தங்கள் சட்டப்படி பார்த்துக்கொள்ளலாமாம். மறுத்த நால்வருக்காகக் கேகன் அம்மாள் எழுதியதைப் படித்தேன். கோடு போட்டவர்களே அதைத் திருத்துவார்களா என்று அவரும் கேட்டிருக்கிறார்.