புகைக்கூண்டுப் பிள்ளைகளின் புற்றுநோய்

லண்டன் வீடுகளின் புகைக்கூண்டுகளில் சில ஒன்பது அங்குல அகலமே இருந்தன. ஆள் நுழைய முடியாத அந்தச் சந்துக்குள் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கரியைச் சுரண்டவைத்தார்கள். முட்டியையும் முழங்கையையும் சுவரில் ஊன்றி ஏறும் பிள்ளையின் மேல் கரி கொட்டும். இரவில் அந்தக் கரிச்சாக்கே அவனுக்குப் போர்வை. குளிப்பது எப்போதாவது. பல ஆண்டுகள் கழித்து, ஆளான பிறகு, விதைப்பைத் தோலில் புண் வரும். பால்வினை நோய் என்று நினைத்துப் பாதரசம் கொடுத்தார்கள். 1775இல் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், அது புற்றுநோய் என்றும், தோல் மடிப்பில் தங்கும் கரியால் வருவது என்றும் எழுதினார்.

கரி பட்ட எல்லோருக்கும் புற்று வரவில்லையே, அப்படியானால் அது பிறவி உடல்வாகுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நச்சை முறிக்கும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதில் பரம்பரைக்கும் பங்குண்டு. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலர் அநாதை விடுதிகளிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாலும் ஒருவருக்கொருவர் ரத்த உறவு கிடையாது. அவர்களுக்குப் பொதுவாக இருந்தது கரி ஒன்றுதான். 1892இல் ஹென்றி பட்லின் இன்னும் வலுவான சான்றைத் தந்தார்: ஜெர்மனியில் இதே வேலையை, உடலை இறுக மூடும் உடையணிந்து, தினமும் குளித்துச் செய்தவர்களுக்கு இந்த நோய் அரிது. பிறவிக் குறையைச் சோப்பும் தண்ணீரும் போக்காது.

1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல் காதில் நிலக்கரிக் கீலைத் திரும்பத் திரும்பத் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். 1933இல் கீலிலிருந்து, புகைக்கூண்டுக் கரியிலும் இருக்கும் பென்சோபைரீன் பிரித்தெடுக்கப்பட்டது. உடலுக்குள் உருமாறும் இந்த வேதிப்பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது நகலில் பிழை விழுகிறது. தோல் செல்லில் விழுந்த அந்தப் பிழை அந்த ஆளோடு போய்விடும், பிள்ளைக்குப் போகாது. மார்பகப் புற்றோடு தொடர்புடையதாக 1994இல் இனங்காணப்பட்ட பிஆர்சிஏ1 மரபணுவின் பரம்பரைப் பிறழ்வு அப்படியல்ல. அது கருவிலேயே வந்து எல்லா செல்லிலும் இருக்கும். ஆனால், புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரைப் பிறழ்வால் வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான். ஒரே வீட்டில் இருவருக்குப் புற்று வந்தால் ரத்தத்தை மட்டும் சந்தேகிப்பது போதாது. மருத்துவரிடம் குடும்ப வரலாறு சொல்லும்போது, யாருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்பதோடு, அவர் என்ன வேலை செய்தார் என்பதையும் சொல்லுங்கள்.